இரட்டை ஜன்னலின் இரகசியம்

ஜன்னல் எதற்காக என்று கேட்டால், காற்றுக்காக என்று நம் தேசத்துக் குழந்தையும் பதில் சொல்லும். பழந்தமிழில் அதற்குக் 'காலதர்' என்று பெயர். கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. நாம் இன்று வழங்கும் 'ஜன்னல்' என்ற சொல் போர்த்துக்கீசியர் விட்டுச் சென்றது. இங்கிலீஷ்காரர்களின் 'விண்டோ'வோ, வடதேசத்துப் பழம்பாஷையில் 'காற்றின் கண்' என்று பொருள்படும் பதத்திலிருந்து பிறந்தது. இப்படியிருக்க, காற்று துளியும் உள்ளே வரலாகாது என்பதற்காகவே ஒரு ஜன்னலுக்குப் பின்னால் இன்னொரு ஜன்னலை வைத்து வீடு கட்டினார்கள் என்றால், நேயர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும்.

ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த மாடிக் குடியிருப்புகளில் இத்தகைய ஜன்னல்களை இன்றும் காணலாம். 'காஸ்டன்ஃபென்ஸ்டர்' என்பது அவற்றின் பெயர். பெட்டி ஜன்னல் என்று பொருள். சுவரின் வெளிப்பக்கத்தில் ஒரு ஜோடிக் கண்ணாடிக் கதவுகள். உட்பக்கத்தில் இன்னொரு ஜோடி. இரண்டுக்கும் நடுவே அரைச் சாண் முதல் ஒரு சாண் வரையில் இடைவெளி. அந்த இடைவெளியில் அசையாமல் நிற்கும் காற்றுதான் வீட்டுக்குப் போர்வை. ஒரு சதுர மீட்டர் ஒற்றைக் கண்ணாடி வழியே, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும், 5 முதல் 6 வாட் உஷ்ணம் வெளியேறும். பெட்டி ஜன்னலில் அது சுமார் 2.5 வாட்டாகக் குறைகிறது.

ருஷ்யாவில் குளிர்காலம் வருமுன் இரண்டு சட்டங்களுக்கும் நடுவே பஞ்சைப் பரப்பி, இடுக்குகளின்மேல் காகிதத்தை ஒட்டி ஜன்னலை அடைத்துவிடுவது வழக்கமாக இருந்தது. ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள உப்பை ஒரு சிறு கோப்பையில் இட்டு இடையில் வைப்பதும் உண்டு. வசந்தகாலத்தில் காகிதத்தைக் கிழித்து, பஞ்சை அகற்றி, கண்ணாடிகளைக் கழுவித் திறந்துவிடுவார்கள். நம் வீடுகளில் பொங்கலுக்கு முன் ஒட்டடை அடித்து வெள்ளையடிப்பது போன்ற காரியம் அது.

பதினாறு முகங்கள்

இந்த ஜன்னலைச் சுத்தம் செய்வது இலேசான வேலையன்று. கீழே பெரிய கதவு இரண்டு, மேலே சிறிய கதவு இரண்டு என்று வைத்துக்கொண்டால், உள்ளும் புறமுமாக எட்டுக் கதவுகள். கதவுக்கு இரண்டு முகம். ஆகப் பதினாறு முகங்களைத் துடைத்தால்தான் ஒரு ஜன்னல் முடிந்தது!

ஆனால் துணியைக் கையில் எடுப்பதற்கு முன், குளிர்ந்த காலை வேளையில் ஜன்னலைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். பனி எந்தக் கண்ணாடியில் படிந்திருக்கிறது என்பதே முக்கியம். குளிர்ந்த ஜலம் நிறைந்த செம்பின் வெளிப்புறம் வேர்ப்பதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த பொருளின்மேல் பட்டு நீராகிறது. ஜன்னலில் நடப்பதும் அதுவே. வெளிக் கண்ணாடியின் உள்முகத்தில் நீர் கோத்திருந்தால், சமையலறையின் ஆவியும் மனிதர் மூச்சும் கலந்த வீட்டுக்காற்று, உள்கதவின் இடுக்கு வழியாக நடுவிடத்துக்குள் நுழைகிறது என்று அறியலாம். உள்கதவைத்தான் இறுக்கமாக்க வேண்டும். இதை அறியாத பலர் வெளிக்கதவின் இடுக்கையெல்லாம் அடைத்துவிடுகிறார்கள். நடுவில் புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி, மரம் உளுத்துப் போகிறது. உள்கதவு இறுக்கமாகவும் வெளிக்கதவு சற்றுத் தளர்வாகவும் இருப்பதே முறை.

இனித் துடைக்கும் முறையைச் சொல்வோம். முதலில் மெல்லிய தூரிகையால் நடுவிடத்திலுள்ள தூசியையும் செத்த பூச்சிகளையும் கூட்டி எடுக்க வேண்டும். தூசியின்மேல் ஜலம் பட்டால் சேறாகிக் கண்ணாடியைக் கீறும். பிறகு, வெதுவெதுப்பான ஜலத்தில் மிகச் சிறிதளவு சோப்பைக் கரைத்து, துணியை நன்றாகப் பிழிந்து துடைக்க வேண்டும். வாளியோடு ஊற்றுவது கூடாது. சட்டத்து மரம் ஊறி உப்பிவிடும். நல்ல வெயில் அடிக்கும்போதும் இந்த வேலை வேண்டாம். ஜலம் உடனே உலர்ந்து கோடு கோடாய் நிற்கும். கடைசியில் உலர்ந்த பருத்தித் துணியால் ஓரங்களைத் துடைத்து, கதவுகளைச் சிறிது நேரம் திறந்து வைத்த பிறகே மூட வேண்டும்.

கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்து நிறுத்துவது லப்பம். ஆளிவிதை எண்ணெயையும் சீமைச் சுண்ணாம்புத் தூளையும் பிசைந்து செய்தது. அது வெடித்து உதிர்ந்திருந்தால், அந்த இடத்தில் மட்டும் சுரண்டி எடுத்துப் புதிதாக வைத்துவிடலாம். பொறுமையுள்ள எந்தக் குடும்பத்தாரும் தாமே செய்யக்கூடிய வேலை இது. ஆனால் பழைய வர்ணத்தின் விஷயத்தில் மட்டும் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். அந்தக் காலத்து வர்ணங்களில் ஈயம் கலந்திருந்தது. கட்டடங்களின் உட்புறத்தில் அதை உபயோகிப்பதைத் தடுக்க 1921-ஆம் ஆண்டிலேயே சர்வதேசத் தொழிலாளர் மகாநாடு ஓர் உடன்படிக்கை செய்தது. ஆகவே பழைய வர்ணத்தை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது. பறக்கும் தூள் குழந்தைகளுக்கு விஷம்.

உயிருக்கு ஆபத்து

வியன்னாவின் பிற்காலத்துப் பெட்டி ஜன்னல்களில் எல்லாக் கதவுகளும் வீட்டுக்குள்ளேயே திறக்கும். அறையில் நின்றபடி பதினாறு முகங்களையும் துடைத்துவிடலாம். இதை அற்ப சௌகரியமென்று எண்ணலாகாது. நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரில், உயர்ந்த மாடிகளில் ஜன்னலின் வெளிப்புறத்தைத் துடைக்கும்போது வீட்டுப் பணிப்பெண்கள் பலர் விழுந்து மாண்டார்கள். அதன் பிறகு 2012-ஆம் ஆண்டில், கம்பித் தடுப்பைப் பூட்டி வைத்து, பெரியவர் ஒருவர் மேற்பார்வை பார்த்தாலன்றி அவர்களை அந்த வேலையில் ஏவக் கூடாது என்று அங்கே விதி செய்தார்கள். வெளியே எட்டித் துடைக்க வேண்டிய ஜன்னல், அழுக்காயிருப்பதே மேல். அதற்காக ஒருவரை அபாயத்தில் நிறுத்துவது தர்மமன்று.

திறக்க முடியாத இரட்டை

இரட்டைக் கண்ணாடியில் இன்னொரு வகையும் உண்டு. இரண்டு கண்ணாடிகளை விரற்கடை இடைவெளியில் நிறுத்தி, ஓரம் முழுவதையும் பசையால் அடைத்துவிடுவது. இதற்கு அமெரிக்காவில் தாமஸ் ஸ்டெட்ஸன் என்பவர் 1865-ஆம் ஆண்டிலேயே உரிமை பெற்றார். இப்போது உலகெங்கும் பரவியிருப்பது இந்த வகைதான். ஓரத்திலுள்ள உலோகச் சட்டத்துக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகளை வைத்திருப்பார்கள். நாளடைவில் ஓரப்பசை தளர்ந்து ஈரம் புகுந்து, அந்த மணிகளும் நிறைந்துவிட்டால், கண்ணாடிகளுக்கு நடுவே மூட்டம் போடும். எந்தத் துணியும் அங்கே எட்டாது. வெகுநாள் விட்டுவைத்தால் ஈரம் கண்ணாடியையே அரித்து வெண்மையான கறையை உண்டாக்கும். அதைக் கழுவவும் முடியாது. துளையிட்டு உலர்த்தித் தருவோரும் உண்டு. பார்வை தெளியலாம், போன காப்பு முழுவதும் திரும்பாது. ஆயினும் ஜன்னல் முழுவதையும் பெயர்த்தெறிய வேண்டியதில்லை. சட்டம் நன்றாயிருந்தால் கண்ணாடி ஜோடியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் வீண் செலவு செய்வோர் அநேகர்.

புதிய ஜன்னல் உஷ்ணத்தை அதிகமாகக் காக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பழைய பெட்டி ஜன்னலுக்கு ஒரு பெருமை உண்டு. அதிலுள்ள மரம், கண்ணாடி, லப்பம், கீல் ஒவ்வொன்றையும் தனித்தனியே கழற்றலாம், பழுது பார்க்கலாம், திரும்பப் பூட்டலாம். நூறு வருஷங்களுக்கு மேலாக அவை நின்று வருவதற்குக் காரணம் அதுதான். அவற்றின் கண்ணாடியில் தெரியும் மெல்லிய அலைகள்கூட, கண்ணாடியை வாயால் ஊதிச் செய்த காலத்துத் தொழிலாளியின் கைத்தடம். எனவே, அழுக்கேறிய பழைய ஜன்னலைக் கண்டதும் தச்சரை அழைத்துப் பெயர்க்கச் சொல்வதற்கு முன், ஒரு நாள் காலை ஒரு வாளி ஜலத்தோடு அதனருகில் நின்று பார்ப்பது நலம். பாதி ஜன்னல்களுக்கு வேண்டியது அவ்வளவுதான் என்பது அப்போது தெரியவரும்.