விமானம் எழும்பும் வேளையிலே

(பத்தாம் வகுப்பு மாணவி, சிலமலை)

யானைக்கும் அடி சறுக்கும் என்பது நம் முன்னோர் வாக்கு. பல்லாயிரம் மணி நேரம் பறந்து அனுபவம் பெற்ற விமானிக்கும் அடி சறுக்குவது உண்டு. அதுவும் விமானம் தரையை விட்டு எழும்பும் அந்த ஒரு நிமிடத்தில் சறுக்கினால், திருத்திக்கொள்ள உயரமும் இல்லை, நேரமும் இல்லை.

சிலமலை, போடி வட்டாரத்தில் வாழும் நம்மில் பலர் இன்னும் விமானம் ஏறியதில்லை. ஆயினும் அரபு நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றவர்கள் நம் உறவிலும் அக்கம்பக்கத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் மதுரையிலோ திருச்சியிலோ விமானம் ஏறினால், நல்லபடியாகப் போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை வீட்டில் யாருக்கும் உறக்கம் கொள்ளாது. ஆகவே இது நமக்குத் தொடர்பில்லாத விஷயம் அன்று.

விமானம் எழும்புவது எப்படி?

இறக்கையைச் சுற்றிக் காற்று விரைந்து பாய்ந்தால்தான் விமானத்தை மேலே தூக்கும் விசை பிறக்கும். அதற்கு வேகம் வேண்டும். விமானத்தின் எடை, அன்றைய வெப்பம், காற்றின் போக்கு, ஓடுபாதையின் நீளம் ஆகியவற்றைக் கணக்கிட்டு, புறப்படுமுன்பே சில வேகங்களை விமானிகள் குறித்துக்கொள்கிறார்கள். அவற்றுள் ஒன்று முடிவு வேகம். அதற்கு முன் கோளாறு தெரிந்தால் விமானத்தை நிறுத்தலாம். தாண்டிவிட்டால் எழும்புவதே வழி. மற்றொன்று மூக்கைத் தூக்கும் வேகம். அந்த வேகம் வந்ததும் விமானத்தின் முன்பகுதியை அளவாக உயர்த்த வேண்டும். ஒருவர் விமானத்தைச் செலுத்த, மற்றவர் கருவிகளைப் பார்த்து வேகத்தை உரக்கச் சொல்ல வேண்டும் என்பது விதி.

கடும் வெயிலில் காற்றின் அடர்த்தி குறையும். அப்போது விமானம் இன்னும் அதிக தூரம் ஓட வேண்டும்.

ஔரங்காபாத், 1993

1993 ஏப்ரல் 26. சித்திரை வெயில் கொளுத்தும் பகல் நேரம். இந்தியன் ஏர்லைன்ஸின் போயிங் 737 விமானம் 118 பேருடன் ஔரங்காபாத்திலிருந்து பம்பாய்க்குப் புறப்பட்டது. விமானி மூக்கைத் தூக்கத் தாமதித்தார். தூக்கிய முறையும் சரியில்லை. ஓடுபாதைக்கு அப்பால் உள்ள சாலையில் பஞ்சுப் பொதிகளை ஏற்றிய லாரி ஒன்று சென்றுகொண்டிருந்தது. போதிய உயரம் எழாத விமானம் அதில் மோதி, பின்னர் மின்கம்பிகளிலும் சிக்கி வீழ்ந்தது. 55 பேர் மாண்டனர். விமானிகளின் பிழையோடு, விமானம் செல்லும் நேரத்தில் அச்சாலையில் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தாததும் காரணம் என்று விசாரணை கூறியது.

திருச்சி, 2018

2018 அக்டோபர் 12, நள்ளிரவு தாண்டிய வேளை. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் 136 பேருடன் திருச்சியிலிருந்து துபாய்க்குப் புறப்பட்டது. ஓடுபாதையில் ஓடும்போதே தலைமை விமானியின் இருக்கைச் சாய்மானம் பின்னால் சரிந்தது. அவர் கை பட்டு இயந்திரங்களின் சுழற்சி 98 சதவீதத்திலிருந்து 77 சதவீதமாகக் குறைந்தது. இதை இருவருமே கவனிக்கவில்லை. ஓடுபாதையின் கோடியில் எழும்பிய விமானம், அங்கிருந்த வழிகாட்டும் ஆன்டெனாவையும் சுற்றுச்சுவரையும் இடித்துச் சென்றது. பின்னர் மும்பைக்குத் திருப்பப்பட்டுப் பத்திரமாக இறங்கியது. 136 பேரும் பிழைத்தது இறைவன் அருள் என்றே சொல்லலாம். இருக்கை சரிந்தது விமானியின் குற்றம் அன்று. ஆனால் எதிரே இருந்த கருவியை ஒரு முறை பார்த்திருந்தால் வலு குறைந்தது தெரிந்திருக்கும்.

பம்பாய்க் கடலில்

1978 ஜனவரி 1ஆம் நாள் இரவு. ஏர் இந்தியாவின் முதல் ஜம்போ விமானமான ‘எம்பரர் அசோகா’ பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பியது. கீழே இருண்ட கடல். வானம் எது, நீர் எது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. விமானம் எப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காட்டும் கருவி தலைமை விமானியின் பக்கம் பழுதாகி, வலப்புறச் சாய்விலேயே நின்றுவிட்டது. அதை நம்பி அவர் இடப்புறம் சாய்த்துக்கொண்டே போனார். சரியாக வேலை செய்த வேறு இரு கருவிகள் அதே அறையில் இருந்தன. அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தவறியதால், தரையை விட்ட 101 விநாடிகளில் விமானம் கடலில் பாய்ந்தது. 213 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

சொல்லத் தயங்கலாமா?

இவற்றிலெல்லாம் பொதுவான ஒன்று உண்டு. விமானத்தை ஓட்டியவர் ஒருவர். ஆனால் பிழையைக் கண்டு தடுக்கக்கூடியவர் அருகிலேயே இருந்தார். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினுக்குரிய டெனரீஃப் தீவில், மூடுபனியில் அனுமதி பெறாமலே ஒரு ஜம்போ விமானம் ஓடத் தொடங்கியது. முன்னால் மற்றொரு விமானம் இன்னும் ஓடுபாதையில் இருக்கிறதோ என்று பொறியாளர் கேட்டார். தலைமை விமானி அதைப் பொருட்படுத்தவில்லை. பொறியாளரும் மீண்டும் வற்புறுத்தவில்லை. இரு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தனர்.

இத்தகைய விபத்துகளுக்குப் பின்னரே, இளையவர் துணிந்து சொல்லவும் மூத்தவர் செவிகொடுத்துக் கேட்கவும் விமானிகளுக்குத் தனிப் பயிற்சி அளிக்கும் வழக்கம் வந்தது. அதற்கும் முன்பே, 1935இல் அமெரிக்காவில் ஒரு போயிங் விமானம், பூட்டியிருந்த வால் பகுதியை விடுவிக்க மறந்து புறப்பட்டதால் எழும்பியவுடன் விழுந்தது. நினைவாற்றலை மட்டும் நம்பக்கூடாது என்று உணர்ந்து, செய்ய வேண்டியவற்றை எழுதி வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் பட்டியலை அதன் பின்னர் ஏற்படுத்தினார்கள். இன்றும் விமானிகள் அப்படிப்பட்ட பட்டியலைப் படித்துப் பார்த்தே புறப்படுகிறார்கள்.

போடிமெட்டு மலைச்சாலையை நினைத்துப் பாருங்கள். 17 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் பஸ்ஸைப் பின்னால் எடுக்க நேர்ந்தால் கண்டக்டர் கீழே இறங்கி நின்று விசில் கொடுப்பார். விசில் கேட்டதும் டிரைவர் பிரேக்கை மிதிப்பார். ‘எனக்குத் தெரியாதா?’ என்று அவர் கோபித்துக்கொள்வதில்லை. அந்த விசிலை நம்பித்தான் பஸ்ஸில் இருப்பவர்களின் உயிர் இருக்கிறது.

தோழியரே! பெரியவர்கள் முன் அடக்கமாக இருக்கக் கற்றிருக்கிறோம். அது நல்ல பழக்கமே. ஆனால் அடக்கம் வேறு, அச்சம் வேறு. கண்ணெதிரே தவறு நடக்கும்போது பணிவோடு, ஆனால் தெளிவாக எடுத்துச் சொல்வது அடக்கத்துக்கு மாறானது அன்று. ஒருமுறை சொல்லிக் கேட்காவிட்டால் இரண்டாம் முறையும் சொல்வோம். நாளை நம்மில் யாரேனும் விமானி ஆனாலும், செவிலி ஆனாலும், ஆசிரியை ஆனாலும், சொல்லவும் வேண்டும்; பிறர் சொன்னால் கேட்கவும் வேண்டும்.