சூட்டில் இறுகும் எஃகு

உளியைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் இறுகும் என்பது சேலம், நாமக்கல் பட்டறைகளில் நாம் கண்டு வருவதே. ஆனால் 18 விழுக்காடு நிக்கல் சேர்ந்த மாரேஜிங் எஃகின் குணமே வேறு. இதில் கரி மிகக் குறைவு. ஆகவே காய்ச்சி ஆறவிட்டதும் கடைசல் பிடிக்கும் பதத்திலேயே இருக்கும். வேலை முடிந்தபின் சுமார் 480 டிகிரி செல்சியஸ் சூட்டில் சில மணி நேரம் வைத்தால், அதிலுள்ள மாலிப்டினமும் டைட்டானியமும் நிக்கலுடன் கூடி நுண்துகள்களாகப் பிரிகின்றன. அவை உலோகத்தை நெளியவிடாமல் பிடித்துக்கொள்வதால் எஃகு இறுகுகிறது. அளவும் அதிகம் மாறுவதில்லை. சூடு மிஞ்சினால் இறுக்கம் குறையும்.

ஐதராபாத் மிதானி நிறுவனம் தயாரிக்கும் இவ்வகை எஃகில்தான் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் கட்ட மோட்டார்க் கூடு செய்யப்படுகிறது.

அரம் போட்டுப் பார்த்து, "மிருதுவாக இருக்கிறதே, போலி" என்று நல்ல சரக்கைத் திருப்பியனுப்பி நாமும் ஒருமுறை நஷ்டப்பட்டோம். அரம் மட்டும் போதாது. சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள்; சூட்டில் இறுக்கியதா, இறுக்காததா என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்; விற்கும்போதும் அவ்வாறே எழுதிக் கொடுங்கள். வாங்குபவர் நம்பிக்கையே நம் முதல்.