ழ எந்தப் பக்கம் பார்க்கிறது?

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஒரு தங்கும் விடுதிக்கு ஒட்டுப்பலகையில் பெயர்ப்பலகை வெட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். படத்தைக் கணினியில் வரைந்து, மலைக்குக் கீழே உள்ள லேசர் பட்டறைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், திரையில் நேராக நின்ற எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம்வலம் மாறி வெட்டுப்பட்டு வருவதுண்டு. இயந்திரக் கோளாறு என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் அப்படியல்ல. கோப்பில் இருப்பவை எண்கள். எது மேல், எது இடம் என்பது அவற்றை எந்த மூலையிலிருந்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு வழக்கம்.

எஸ்விஜி கோப்பில் மேல் இடது மூலை பூஜ்யம். எண் கூடக் கூடக் கீழே இறங்கும். 1982-இல் ஆட்டோகேட் வரைவு மென்பொருளோடு வந்த டிஎக்ஸ்எஃப் கோப்பில், பள்ளிக்கூட வரைபடத்தாள் போல, எண் கூடினால் மேலே ஏறும். இங்க்ஸ்கேப் மென்பொருளே 2020-இல் வந்த 1.0 பதிப்பில்தான் மேலிருந்து கீழாக எண்ணும் வழக்கத்துக்கு மாறியது. லேசர் இயந்திரங்களிலும் சிலவற்றுக்குத் தொடக்க மூலை முன்னால் இடப்பக்கம், சிலவற்றுக்குப் பின்னால் வலப்பக்கம்; அதை ஓட்டும் மென்பொருளில் மூலையைத் தவறாகக் குறித்தால் படம் புரளும். வளைகோட்டின் கதை இன்னும் நுட்பமானது. இடம்வலம் புரட்டிய வில் ஒன்று உள்ள டிஎக்ஸ்எஃப்பை நோட்பேடில் திறந்தால், 230 என்ற குறியீட்டுக்குக் கீழே -1.0 என்று நிற்கலாம். அச்சு தலைகீழ் என்று பொருள். வாங்கும் மென்பொருள் அந்த ஒற்றை வரியைப் படிக்காமல் விட்டால், நேர்க்கோடுகள் எல்லாம் தம் இடத்தில் இருக்க, வில் மட்டும் எதிர்ப்பக்கம் போய்விடும்.

"திரையில் பார்த்துத் திருப்பிக்கொண்டால் போயிற்று, இதற்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி?" என்று கேட்கலாம். சுழற்றுவது வேறு, புரட்டுவது வேறு. புரண்ட படத்தை எத்தனை முறை சுழற்றினாலும் நேராகாது. பார்த்ததும் தெரிந்துவிடும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. 'ப' இடம்வலம் மாறினாலும் 'ப'தான். இரு கைகளும் சமமாக வரைந்த 'ட' புரண்டாலும், கால் சுற்று சுழற்றினால் பழையபடி 'ட' ஆகிவிடும். 'ழ'வை அப்படி ஏமாற்ற முடியாது. எப்படித் திருப்பினாலும் புரட்டினாலும் காட்டிக்கொடுத்துவிடும். படத்தின் ஓரத்தில் ஒரு 'ழ' வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

படம் தன் திசையைத் தானே சொல்லாது என்பதற்கு நல்ல சான்று அதே கொடைக்கானலில் இருக்கிறது. அங்குள்ள சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனை ஒளித்தகடுகளில் பதிந்து வந்தார்கள். பிறகு அவை எண்ம வடிவம் பெற்றன. வட்டத்துக்குத் தலையும் இல்லை, காலும் இல்லை. பூமியிலிருந்து பார்க்கையில் சூரியனின் அச்சு ஆண்டுக்குள் இருபுறமும் சுமார் 26 பாகை வரை சாயும். எடுத்த நாளும் நேரமும் தெரிந்தால்தான் வடக்கைக் கணக்கிட முடியும். அப்புறமும் சரிபார்க்க ஒரு வழி உண்டு: கரும்புள்ளிகள் நாளொன்றுக்குச் சுமார் 13 பாகை கிழக்கிலிருந்து மேற்காக நகரும். வடக்கு மேலே இருந்தும் மறுநாள் படத்தில் அவை எதிர்த்திசையில் போனால், படம் புரண்டிருக்கிறது. சூரியனின் நடுக்கோட்டோடு ஒப்பிட்டால் கரும்புள்ளி இணைகளின் சராசரிச் சாய்வே சில பாகைதான். திசையில் சின்னப் பிழை நேர்ந்தாலும் அந்த அளவீடு கெட்டுப்போகும்.

வேண்டுமென்றே புரட்ட வேண்டிய வேலையும் உண்டே என்றால், உண்டு. கண்ணாடி போன்ற அக்ரிலிக்கின் பின்பக்கத்தில் எழுத்தைப் பொறித்தால்தான் முன்னாலிருந்து நேராகத் தெரியும். ஓரத்து 'ழ'வும் அப்போது சேர்ந்தே புரளும். 'பின்பக்கப் பொறிப்பு' என்று கோப்பின் பெயரிலேயே எழுதிவிட்டால் பட்டறைக்காரர் அதைப் பிழையென்று எண்ணித் திருத்த மாட்டார். மற்ற வேலைகளுக்கு, கழிவுப் பலகையின் ஒரு மூலையில் அந்த 'ழ'வை மட்டும் முதலில் வெட்டிப் பார்க்கலாம். சில நொடிகள் போதும்.