வழி இரண்டு, வாயில் ஒன்று

யாழ்ப்பாணக் குடாநாட்டை வன்னிப் பெருநிலத்தோடு பிணைக்கும் கண்டி வீதியும் புகையிரதப் பாதையும் ஆனையிறவு என்னும் ஒடுங்கிய வாயிலையே கடந்து செல்கின்றன. எண்ணிக்கையில் வழிகள் இரண்டு. அவ்வாயில் அடைபட்டால் இரண்டும் ஒருங்கே அடைபடும். புகையிரதம் 1990இலேயே நின்றுபோயிற்று. 2006 ஓகஸ்டில் கண்டி வீதியும் மூடப்பட்டபோது, கப்பலில் வரும் உணவுப் பொருள்களுக்காகக் காத்திருந்த குடும்பங்கள் தொடர்பறுதலின் துன்பத்தை நன்கறியும்.

ஒரு தொடர்பு எத்துணை இன்றியமையாதது என்பதைக் கணக்கிட்டு அறியலாமா? அறியலாம். அத்தொடர்பு உறுதியாக இயங்கும்போது வலையமைப்பு முழுவதும் பயன்தருவதற்குள்ள வாய்ப்பிலிருந்து, அது அறுந்தபோது உள்ள வாய்ப்பைக் கழிக்க வேண்டும். மிச்சமே அதன் முக்கியத்துவம். பேர்ண்பாம் என்னும் கணித அறிஞர் 1969இல் வகுத்த அளவை இது.

மாணவர்களே, ஓர் உதாரணம் காண்போம். வழி ஒன்றே உளதாயின், அது திறந்தால் வாய்ப்பு 1, மூடினால் 0. எனவே அதன் முக்கியத்துவம் 1. இனி, அதனைச் சாராமல், பத்து நாளில் ஒன்பது நாள் திறந்திருக்கும் வேறொரு வழியும் உண்டெனக் கொள்க. முதல் வழி மூடினாலும் வாய்ப்பு 0.9 ஆக நிற்கும். ஆகவே அதன் முக்கியத்துவம் 0.1 ஆகக் குறைந்துவிடுகிறது.

2011 சனவரியில் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலம் இத்தகைய தனி வழியாகும். பூநகரி ஊடாக மன்னார் நோக்கிச் செல்லும் அவ்வீதி ஆனையிறவைத் தொடுவதில்லை. 2014இல் யாழ்ப்பாணம்வரை மீண்டும் வந்த புகையிரதமோ, பயணிகளுக்குப் பெருநன்மை செய்யினும், ஆனையிறவு அடைபடும் நாளில் உதவாது. ஒரே புயல் பாலத்தையும் ஆனையிறவையும் சேர்த்து அடைக்குமாயின் நமது கணக்கும் பொய்த்துப்போம். ஆதலின் வழிகளை எண்ணுவதோடு அமையாது, அவை எங்கே ஒன்றுகூடுகின்றன என்பதையும் நோக்குதல் வேண்டும்.