சம்மதம் என்பதைக் கற்பிப்பது யார் பொறுப்பு?

யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்புக் காணி கைமாறுவதென்றால் எத்தனை ஒழுங்குகள்! விற்பவர் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் உறுதியில் கையொப்பமிட வேண்டும். வெறியில் கிடந்தவரிடம் வாங்கிய கையெழுத்தும், மிரட்டி வாங்கிய கையெழுத்தும் வழக்கில் நில்லாது என்பது பள்ளிக்கூடம் போகாதவருக்கும் தெரியும். தேசவழமைக்கு உட்பட்ட பெண் தன் சீதனக் காணியை விற்பதற்குக் கூடக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கணவன் தன் காணியை விற்க மனைவியின் சம்மதம் தேவையில்லை. (இந்த ஓரவஞ்சனை பற்றி எழுதப் புகுந்தால் இவ்விதழ் போதாது.) காணி விடயத்தில் இவ்வளவு கண்டிப்பான நாம், உடல் சம்பந்தமான சம்மதம் என்றால் என்னவென்று எமது பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை சொல்வதில்லை. அதைச் சொல்லிக் கொடுக்கும் கடமை பெற்றோருக்கு மட்டுமா, அரசுக்கும் உண்டா என்பதே இங்கு ஆராயப்படும் விடயம்.

முதலில் சட்டம். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவையில் பாலியல் வல்லுறவு பற்றிய பிரிவு 363ஆவது. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் இதனைப் பெரிதும் திருத்தியது. அச்சுறுத்தியோ பலாத்காரமாகவோ பெற்ற சம்மதம் சம்மதமாகாது. சட்டவிரோதமாகத் தடுத்து வைக்கப்பட்ட பெண்ணின் சம்மதமும் அப்படியே. குடிக்கக் கொடுத்தோ போதைப்பொருள் கொடுத்தோ மயக்கத்தில் பெற்றதும் சம்மதமல்ல. இன்னொரு விளக்கமும் சேர்க்கப்பட்டது: சம்மதமின்மையை நிரூபிக்கப் பெண்ணின் உடலில் காயம் போன்ற எதிர்ப்பின் அடையாளங்கள் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. "அவள் கத்தியிருக்கலாமே, ஏன் கத்தவில்லை?" என்று ஊர் கேட்கும் கேள்விக்குச் சட்டம் அன்றே விடை சொல்லிவிட்டது. பயத்தில் நா எழாமல் போவது எவருக்கும் நேரக் கூடியது. ஊர்தான் இன்னும் அக்கேள்வியை விடவில்லை. இத்திருத்தத்தில் ஒரு பெருங்குறையும் உண்டு. நீதிமன்றம் பிரித்து வைத்தாலன்றி, மனைவியின் விருப்பத்திற்கு மாறாக நடக்கும் கணவனை அது குற்றவாளியாகக் கொள்ளவில்லை.

பதினாறு வயது பற்றிய ஏற்பாடுதான் எமது கிராமங்களில் மிகவும் குழப்பத்தை உண்டாக்குவது. 1995க்கு முன் பன்னிரண்டாக இருந்த சம்மத வயது பதினாறாக உயர்த்தப்பட்டது. அதற்குக் குறைந்த வயதுப் பிள்ளை விரும்பிச் சென்றாலும், காதல் என்றாலும், அது பாலியல் வல்லுறவுக் குற்றமே. ரியூசனுக்குப் போய் வரும் வழியில் பழகிய பதினைந்து வயதுப் பிள்ளையும் இருபது வயதுப் பொடியனும் ஒரு நாள் வீட்டை விட்டுப் போய்விட்டால், இரு வீட்டாரும் கூடிப் பேசி "கலியாணத்தைச் செய்து வைப்போம்" என்று முடிக்கப் பார்ப்பது இன்றும் நடக்கிறது. இது மானத்தைக் காப்பாற்றும் வழியாகப் பெரியவர்களுக்குத் தோன்றுகிறது. ஆனால் பொதுச் சட்டத்தின் கீழ் 1995 முதல் திருமண வயது பதினெட்டு. ஆகவே அந்தத் திருமணத்தைப் பதிய முடியாது. பொடியன் மீதான வழக்கும் இல்லாமற் போகாது. இதை அந்தப் பொடியனுக்கு முன்கூட்டியே எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தெரியாமற் செய்தேன் என்பதை நீதிமன்றம் ஏற்காது. அப்படியானால் தெரியப்படுத்துவது சட்டம் இயற்றியவரின் கடமையல்லவா?

எமது திருச்சபைக்கும் இது புதிய போதனையன்று. திருமணத்தை உண்டாக்குவது மணமக்களின் சம்மதமே, வேறெந்த மனித அதிகாரமும் அதற்குப் பதிலாக நிற்க முடியாது என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் கூறுகிறது. வற்புறுத்தலாலும் பயத்தாலும் செய்து கொண்ட திருமணம் செல்லாது என்பதும் அதே சட்டம்தான். பீடத்தின் முன் குருவானவர் கேட்கும் அந்தக் கேள்வி வெறும் சடங்கென்று நினைப்பவர்கள் பலர்.

அரசின் பொறுப்பு குற்றவாளியைத் தண்டிப்பதோடு முடிந்துவிடும் என்று எண்ணுவது தவறு. பெண்களுக்கெதிரான சகல பாரபட்சங்களையும் ஒழிக்கும் ஐ.நா. சமவாயத்தை இலங்கை 1981இல் ஏற்றுக் கொண்டது. தனியார் இழைக்கும் வன்முறையைத் தடுக்கத் தக்க கவனத்துடன் செயற்படாத அரசும் அதற்குப் பொறுப்பாகலாம் என்று அச்சமவாயக் குழு 1992இல் தெளிவுபடுத்தியது. தனியார் செயலுக்கே இப்படியென்றால், அரசின் சீருடை அணிந்தவர் செய்வதற்கு என்ன சொல்வது? 1996 செப்டெம்பர் 7ஆந் திகதி பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பிய மாணவி செம்மணிக் காவலரணில் மறிக்கப்பட்டு, சீரழிக்கப்பட்டுக் கொலையுண்டாள். தேடிப் போன தாயும் தம்பியும் அயலவரும் திரும்பவில்லை. 1998 யூலையில் கொழும்பு மேல் நீதிமன்றம் படையினர் சிலருக்கு மரண தண்டனை விதித்தது. "பெண்களின் பாதுகாப்பு" என்று அரசு சொல்லும்போது எமது தாய்மார் உடனே நம்பாததன் காரணம் இதில் இருக்கிறது. 2015 மே மாதம் புங்குடுதீவு மாணவியின் கொலையில் குற்றவாளிகளானவர்கள் சீருடைக்காரரல்லர். 2017 செப்டெம்பர் 27ஆந் திகதி யாழ்ப்பாணத்தில் எழுவருக்கு மரண தண்டனை தீர்க்கப்பட்டது. அந்த நாட்களில் குடாநாடெங்கும் பாடசாலைப் பிள்ளைகள் பதாகை ஏந்தி வீதிக்கு வந்தார்கள். வகுப்பறைக்குத் திரும்பிய அப்பிள்ளைகளுடன் இது பற்றிப் பேச ஒரு பாடவேளை ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும்.

சுகாதாரமும் உடற்கல்வியும் என்ற பாடம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. இனப்பெருக்கம் பற்றிய அலகு வந்ததும் "வீட்டில் போய் வாசியுங்கள்" என்று தாள் புரட்டும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அதைக் கற்பிக்க அவர்களுக்கு எவரும் பயிற்சி கொடுக்கவில்லை. 2019இல் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென இது விடயமாக ஒரு துணைநூல் தயாரிக்கப்பட்டது. தெற்கில் மதத் தலைவர்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது; நூல் நிறுத்தப்பட்டது. சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப் போவார்கள் என்பதே எதிர்ப்பின் சாரம். எமது பங்குகளிலும் இதே குரல் கேட்கிறது. ஆனால் நாம் சொல்லாததைத் தொலைபேசி சொல்லிக் கொண்டிருக்கிறது, அதுவும் கோணலாக. "வேண்டாம்" என்று பெண் சொன்னால் அதன் பொருள் வேண்டாம் என்பதுதான் என்றும், வாய் திறவாதிருப்பது இணக்கமாகாது என்றும் ஆண்பிள்ளைக்குச் சொல்வதில் என்ன கேடு வந்துவிடப் போகிறது? பஸ்ஸிலும் புகையிரதத்திலும் நூற்றுக்குத் தொண்ணூறு பெண்கள் ஒருமுறையாவது பாலியல் தொல்லைக்கு ஆளானதாக ஐ.நா. சனத்தொகை நிதியத்தின் ஆய்வொன்று இலங்கையில் கண்டது. அவர்களில் பொலிசிடம் போனவர்கள் நூற்றுக்கு நான்கு பேரே. தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவின்படி இதற்கு ஐந்து வருடம் வரை சிறை உண்டு. மினிபஸ்ஸில் முழங்கையை நீட்டுபவனுக்கும் இது தெரியாது, ஒதுங்கி நிற்கும் பிள்ளைக்கும் தெரியாது.

முறையிடப் போகிறவர்களுக்குச் சில விபரங்கள். பொலிஸ் நிலையங்களிலுள்ள பெண்கள், சிறுவர் பிரிவில் முறைப்பாட்டைத் தமிழில் எழுதும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. விளங்காத மொழியில் எழுதியதற்குக் கையொப்பமிட வேண்டாம். வல்லுறவு நடந்திருந்தால் குளிக்காமல், உடுப்பைத் தோய்க்காமல் விரைவாக அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்வது நல்லது. சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கு அது உதவும். வீட்டுக்குள் நடக்கும் அடி உதைக்கு 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். இடைக்காலக் கட்டளை பதினான்கு நாட்களுக்கும், முழுமையான கட்டளை பன்னிரண்டு மாதம் வரையும் செல்லும். பெண்ணே விண்ணப்பிக்கலாம், அவளுக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். பெண்களுக்கான அரச தொலைபேசி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929. மாதர் சங்கங்கள் இவ்விரு இலக்கங்களையும் சங்கக்கடைச் சுவரிலும் பஸ் தரிப்பிடத்திலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். வலயக் கல்விப் பணிப்பாளருக்கு, சுகாதாரப் பாடத்தின் அந்த அலகை எந்தெந்தப் பாடசாலையில் யார் கற்பிக்கிறார் என்று கேட்டு ஒரு கடிதமும் அனுப்பலாம்.