கால்நோயுற்ற குதிரைக்கு லாடம் அவசியமா?

குதிரை பூட்டிப் பிழைக்கும் குடும்பத்திற்கு அதன் கால்களே மூலதனமாகும். அது ஒரு மாதம் நொண்டினால் வருமானம் நின்று, சங்கத்திற்குச் செலுத்த வேண்டிய தவணையும் தவறும். ஆதலால், கால்நோயுற்ற குதிரைக்கு லாடம் அடிப்பதா, வெறுங்குளம்பாய் விடுவதா என்பதை அங்கத்தினர்கள் தெளிவாய் அறிந்திருத்தல் நலம்.

குளம்பின் வெளிச்சுவர் நகத்தைப் போன்றது. அதற்கு உணர்ச்சி இல்லை. அது மாதத்திற்கு ஏறக்குறைய 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளரும். மண் தரையில் நடக்கும் குதிரைக்கு வளர்ச்சியும் தேய்மானமும் பெரும்பாலும் ஒத்திருக்கும். கடினமான சாலையில் பாரம் இழுக்குங்கால் தேய்மானம் மிகும். அதைத் தடுப்பதே லாடத்தின் முதற்பயன். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் குதிரைகளைப் பற்றி நூலெழுதிய கிரேக்கர் ஸெனபன், குளம்பு உறுதிப்படும் பொருட்டுக் குதிரையைக் கற்கள் பரப்பிய தரையில் நிறுத்தச் சொன்னார். ஆகவே லாடம் எல்லாக் குதிரைக்கும் இன்றியமையாததன்று. தரையையும் வேலையையும் பொறுத்ததே.

வெறுங்குளம்பு மிதிக்குந்தோறும் பின்புறம் சற்று விரிந்து அதிர்ச்சியைத் தாங்கும். ஆணியடித்த லாடம் இவ்விரிவை ஓரளவு குறைக்கும். மேலும், லாடத்தின்மேல் குளம்பு தேயாமல் வளர்ந்து நுனி நீளுமாதலால், காலின் பின்புறத் தசைநாணில் இழுப்பு அதிகமாகும். லாடத்தை 6 வாரத்திற்கு ஒருமுறையேனும் கழற்றிக் குளம்பைச் சீவி மறுபடி அடிப்பது இதனாலேயே.

நொண்டலின் காரணம் அறியாமல் லாடத்தை மாற்றுவது பயன் தராது. முக்கியமான காரணங்கள் மூன்று:

1. லாடம் அடித்த சில நாட்களுக்குள் நொண்டினால், ஆணி உயிர்ச்சதையைத் தொட்டிருக்கக்கூடும். ஆணியை உடனே எடுப்பிக்க வேண்டும். குதிரைக்குத் தநுர்வாயு எளிதில் பற்றுமாதலின், அதற்குரிய ஊசியும் போடுவித்தல் அவசியம்.

2. குளம்பின் அடியில் கருநிறக் கசிவும் துர்நாற்றமும் காணின், ஈரமும் சாணமும் நிறைந்த லாயமே பெரும்பாலும் காரணம். லாடம் இருப்பினும் இல்லாவிடினும், லாயத்தை உலர்த்தி, குளம்பைத் தினமும் சுத்தம் செய்தாலன்றிக் குணமாகாது.

3. கொள்ளையோ வேறு தானியத்தையோ மிதமிஞ்சித் தின்றபின், குளம்பு சுட்டு, முன்னங்கால்களை முன்னே நீட்டிப் பின்னுக்குச் சாய்ந்து நிற்குமாயின், அது குளம்பின் உள்ளழற்சி. எலும்பைச் சுவரோடு பிணைக்கும் சதை தளர்ந்து எலும்பே இடம் பெயரலாம். தானியத்தை நிறுத்தி, தடித்த மெத்தென்ற படுக்கை இட்டு, அன்றே கால்நடை வைத்தியரை அழைக்க வேண்டும். லாடத்தைக் கழற்றுவதா, குளம்பைத் தாங்கும் விசேஷ லாடம் இடுவதா என்பதை எக்ஸ்ரே படம் பார்த்து அவரே தீர்மானிப்பார்.

லாடத்தைக் கழற்றிய குதிரை சில வாரங்கள் கல்தரையில் கூசி நடக்கும். அக்காலத்தில் பாரம் ஏற்றலாகாது. உடலின் எடையில் நூற்றுக்கு 60 பங்கை முன்னங்கால்களே தாங்குவதால், முன்னங்கால்களுக்கு மட்டும் லாடமிட்டுப் பின்னங்கால்களை வெறுமையாய் விடுவதும் உண்டு. எம்முறையைக் கைக்கொண்டாலும், குறித்த காலத்தில் குளம்பைச் சீவுவதே முதற்கடமை. அச்சிறு செலவுக்குத் தயங்குவோர், பின்னர் குதிரையையே இழக்க நேரிடும்.