அலை செல்லும் வழி – 9: பதில் குரலின் பாதை

கோபுரத்தின் உயரத்துக்கும் அலை எட்டும் தூரத்துக்கும் உள்ள சம்பந்தத்தைச் சென்ற வாரம் விவரித்தோம். அந்தக் கணக்கை இவ்வாரம் விழுப்புரம் ஜில்லாவின் மண்ணில் வைத்துப் பார்ப்போம்.

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு புதுச்சேரியை ஒட்டிக் கரையேறிய ஃபெஞ்சல் புயல் விலகிப் போகாமல் நின்று பொழிந்ததில், திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. டிசம்பர் 2ஆம் தேதி, சாத்தனூர் அணையிலிருந்து வந்த வெள்ளம் தென்பெண்ணையில் பெருகி அரசூரில் திருச்சி நெடுஞ்சாலையை மூழ்கடித்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள பாலத்தில் நீர் அபாய அளவைத் தாண்டவே ரயில்களும் நின்றன. சாலையும் ரயிலும் மின்சாரமும் ஒருங்கே அற்றுப்போகும் இத்தகைய காலத்தில், கைப்பேசிக் கோபுரங்களும் பாட்டரி தீர்ந்து ஓய்ந்துவிட்டால், தீயணைப்பு வீரருக்கும் போலீஸ்காரருக்கும் மிஞ்சுவது இடுப்பிலுள்ள வாக்கி-டாக்கி ஒன்றே.

அதன் குரல் எவ்வளவு தூரம் போகும்? 150 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைகள் பூமியின் வளைவைப் பெரும்பாலும் தாண்டுவதில்லை. 30 மீட்டர் கோபுரத்துக்கும் மனிதன் கையிலுள்ள கருவிக்கும் இடையே தடையற்ற சமவெளியில்கூட 27 கிலோமீட்டர்தான் எல்லை. விழுப்புரத்திலிருந்து திண்டிவனமோ நேர்க்கோட்டிலேயே 35 கிலோமீட்டருக்கு மேல். மின்சக்தியைக் கூட்டி இதைச் சரிக்கட்டலாம் என்பது வீண் எண்ணம். சமவெளியில் தூரத்தை இரட்டிப்பாக்கப் பதினாறு மடங்கு சக்தி வேண்டும். ஆன்டெனாவின் உயரத்தை இரட்டிப்பாக்கினாலோ நான்கு மடங்கு சக்தியின் பலன் செலவின்றிக் கிடைக்கிறது. ஆகவே, வந்த குரலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டரை நிறுவச் செஞ்சிப் பக்கத்துப் பாறைக்குன்றுகளையே கண் நாடுகிறது. சமவெளியிலிருந்து 200 மீட்டர் உயர்ந்த ஒரு குன்றுக்கு விழுப்புரம், திண்டிவனம் இரண்டுமே பார்வைக்குள் அடங்கும். கோட்டைக் குன்றுகள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை, 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றவை. அவற்றைத் தொடலாகாது, தொடவும் வேண்டியதில்லை. சுற்றிலும் வேறு குன்றுகள் இருக்கின்றன. ஒரு குன்றின் நிழலில் விழும் கிராமத்துக்கு வேறொரு திசையிலிருந்து அலை வரவேண்டும் என்பதை மட்டும் மறக்கலாகாது.

திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் தவறுகிற இடம் இனிதான் வருகிறது. நிலையத்தின் டிரான்ஸ்மிட்டர் 25 வாட் சக்தியுள்ளது என்றால், கையிலுள்ள கருவிக்கு 5 வாட்தான். அந்தச் சொற்பத்திலும் பெரும்பங்கை, இடுப்பில் மாட்டியிருக்கையில், மனித உடலே விழுங்கிவிடுகிறது. கண்ட்ரோல் ரூமின் உத்தரவு வீரருக்குத் தெளிவாகக் கேட்க, அவர் ‘இங்கே மூன்று பேர் கூரைமேல் நிற்கிறார்கள், ஓவர்’ என்று சொல்வது மட்டும் இரைச்சலில் கரைந்துபோகும் விபரீதம் இதனால்தான் நேர்கிறது. உத்தரவு கேட்கும் எல்லையைக் கொண்டு, அலை எட்டும் இடமென வரைபடத்தில் பச்சை தீட்டுவது, என் மதிப்பில், வீரரின் உயிரோடு விளையாடுவதாகும். பதில் வந்து சேரும் எல்லையே உண்மையான எல்லை. டிரான்ஸ்மிட்டர் ஒன்றே போதுமாயினும், மயிலம், மரக்காணம், செஞ்சி எனப் பல இடங்களில் ரிசீவர்களை வைத்து, எதில் குரல் தெளிவாக விழுகிறதோ அதையே நிலையத்துக் கருவி தானாகத் தேர்ந்துகொள்ளச் செய்வது இதற்கு அனுபவத்தில் கண்ட பரிகாரம். அதிகாரிகள் வாட்டுக்குச் செலவிடும் பணத்தை இதற்குச் செலவிட வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

பச்சை தீட்டும் அந்த வரைபடத்துக்கே வருவோம். 1960களில் டோக்கியோ வட்டாரத்தில் ஒகுமுரா என்ற நிபுணர் அலையின் வலிமையை அளந்தெடுத்தவற்றை ஹாத்தா என்பவர் 1980இல் சூத்திரங்களாக்கினார். கம்ப்யூட்டரில் வரையப்படும் வரைபடங்கள் பல இன்றும் அவற்றையே ஆதாரமாகக் கொண்டவை. அவை சராசரியைச் சொல்லும். மரக்காணத்துச் சவுக்குத் தோப்பு மழையில் நனைந்து நிற்கையில் எவ்வளவு அலையை உறிஞ்சும் என்பதைச் சொல்லா. நூற்றுக்கு 95 இடங்களில் கேட்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதுவது வழக்கம். எஞ்சிய ஐந்தும் ஆற்றங்கரைக் குடியிருப்புகளாகவே அமைந்துவிட்டால் அந்த 95க்கு என்ன மதிப்பு?

எனவே சோதனையை ஐப்பசி, கார்த்திகை மழையில் நடத்த வேண்டும். கருவி இடுப்பிலேயே இருக்க வேண்டும். குன்றின் மேலுள்ள ரிப்பீட்டர் அன்று முழுதும் பாட்டரியிலேயே ஓட வேண்டும். சவுக்குத் தோப்பிலிருந்து பேசுகிறவரின் சொற்கள் விழுப்புரம் கண்ட்ரோல் ரூமில் திரும்பக் கேளாமல் எழுதிக்கொள்ளும் தெளிவோடு வந்து சேரவில்லையானால், அந்த இடத்தின் பச்சையை அழித்துவிட்டு, இன்னொரு ரிசீவருக்கு அங்கே இடம் தேட வேண்டும்.